எந்தப் பொழுது

உடற்பயிற்சிக்கு உகந்த நேரம் எது என்ற கேள்வி, பொழுதைச் சொந்தமாக வைத்திருக்கிறவனுக்கு மட்டுமே எழக்கூடியது. மூட்டை தூக்குகிறவனுக்கோ நாற்று நடுகிறவளுக்கோ இது ஒரு கேள்வியே இல்லை. எனக்கும் 22 வருஷங்கள் இப்படியொரு கேள்வி இருந்ததில்லை. ஒரு தினசரியில் ப்ரூஃப் ரீடர், இரவு வேலை. மாலை 7 மணிக்கு உள்ளே போனால், நகரப் பதிப்பு அச்சுக்குப் போன பிறகு 2 மணிக்கு மேல் வெளியே வருவேன். 2015ல் ஓய்வு. அடுத்த வருஷம் ரத்தத்தில் சர்க்கரை என்றார்கள், நடக்கச் சொன்னார்கள். கையில் ஒரு முழு நாள் இருந்தது. அதில் எந்தத் துண்டை வெட்டி உடம்புக்குக் கொடுப்பது என்று அப்போதுதான் முதன்முறையாக யோசிக்க வேண்டி வந்தது.

"காலையில நடங்க ஸார், அதுதான் பெஸ்ட்" என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டேன். "ஃப்ரெஷ் ஏர்" என்றார்.

காலைக்கு நம்மிடம் இருக்கும் மரியாதை உடம்பை ஆராய்ந்து வந்ததல்ல. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரியோதயத்துக்கு 96 நிமிஷம் முன்பு தொடங்கி 48 நிமிஷம் நீடிப்பது. அது எழுந்திருக்கச் சொன்ன நேரம்; ஓடச் சொன்ன நேரம் அல்ல. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் எண்ணெய் தேய்ப்பதற்கும் குளிப்பதற்கும் இடையில் உடற்பயிற்சியை வைக்கிறது. ஆனால் அவர் கவலை மணியைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது. பனிக்காலத்திலும் வசந்தத்திலும் பாதி பலம் செலவாகும் வரை செய், மற்றப் பருவங்களில் அதற்கும் குறைத்துக்கொள் என்கிறார். பாதி பலம் என்ற இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. எழுத்துக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பல நாவல்கள் மெலிந்திருக்கும்.

உடலியல் சொல்வது வேறு. மனிதனின் உள்வெப்பம் நாள் முழுதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. இரவில் தூங்கிப் பழகியவர்களுக்கு விடிவதற்குச் சற்று முன் அது மிகத் தாழ்கிறது. பிற்பகல் முடிந்து மாலை தொடங்கும்போது உச்சத்துக்கு வருகிறது. வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி செல்ஸியஸ்தான். ஆனால் தசையின் வலுவும் மூட்டுகளின் இணக்கமும் கிட்டத்தட்ட அதே கோட்டில் ஏறி இறங்குகின்றன. இரவெல்லாம் படுத்துக் கிடந்ததில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீர் ஏற்றுப் பருத்திருக்கும். காலையில் நாம் 1 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். அந்த நிலையில் எழுந்தவுடன் குனிந்து வளைவது முதுகுக்குக் கூடுதல் சுமை. மாரடைப்பு காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் அதிகம் நேர்கிறது என்று 1985லேயே கணக்கெடுத்து எழுதிவிட்டார்கள். டாக்டர் சொன்ன ஃப்ரெஷ் ஏர் விஷயமும் அப்படித்தான். குளிர்காலக் காலையில் தரையோடு படியும் குளிர்ந்த காற்று புகையை மேலே விடுவதில்லை. சென்னையில் போகியன்று விடியற்காலையில் நடந்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

ஆகவே மாலைதான் என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். மாலையில் விருந்தாளி வருவார், மழை வரும், கூட்டம் இருக்கும். காலையில் நடக்கிறவனை யாரும் குறுக்கே வந்து மறிப்பதில்லை; அதனால் அவன் விடாமல் நடக்கிறான். நேரங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் சிறியது, நடப்பதற்கும் நடக்காமலிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இதை ஒப்புக்கொண்டால் விஷயம் இங்கேயே முடிந்துவிட வேண்டும். எனக்கு முடியவில்லை. ஓய்வுக்குப் பிறகு எனக்கு எழுத வந்தது காலை 5 மணியிலிருந்து 8 மணி வரைதான். அதை நடைக்குக் கொடுத்த நாட்களில் ஒரு வரிகூட வரவில்லை. எழுதிய நாட்களில் சர்க்கரை ஏறியது. உடம்பா எழுத்தா என்று கேட்டுக்கொள்வது வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு போனபின் யார் எழுதுவது?

உகந்த பொழுது என்ற எண்ணம் நமக்கு இரண்டு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒன்று பஞ்சாங்கம். அதில் பொழுது வெளியே இருக்கிறது; ராகுகாலம் யாருக்கும் ராகுகாலம்தான். மற்றது தொல்காப்பியம். யாமம் குறிஞ்சிக்கு, மாலை முல்லைக்கு, வைகறை மருதத்துக்கு, எற்பாடு நெய்தலுக்கு, நண்பகல் பாலைக்கு. நண்பகல் பாலைக்கு உரியது என்றால் நண்பகலில் பிரிந்து போ என்று அர்த்தமில்லை. பிரிகிறவனுக்கு எந்த நேரமும் நண்பகலாகக் காய்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அங்கே பொழுது அநுபவத்துக்கு உள்ளே இருக்கிறது. கையில் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணும் இன்றைய கருவிகள் பஞ்சாங்கத்தின் வாரிசுகள். தினம் பத்தாயிரம் அடி என்ற கணக்கே 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடிமானியின் பெயரிலிருந்து பரவியதுதான்.

மருதத்தில் இரவை வெளியே கழித்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறான் தலைவன், தலைவி ஊடுகிறாள். அந்தக் கணக்கில் 22 வருஷங்கள் நான் மருதத் தலைவன். கதவைத் திறந்ததும் என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "பால் வாங்கிட்டு வந்தீங்களா?"

வேலை முடிந்து வெளியே வருகிறபோது நான் தனியாக வந்ததில்லை. என் எதிர் மேஜையில் இன்னொரு ப்ரூஃப் ரீடர் இருந்தார். கவிஞர். 48 பக்கத்தில் ஒரே ஒரு தொகுதி. இருவர் வீடும் திருவல்லிக்கேணியில். மவுண்ட் ரோடிலிருந்து வாலாஜா சாலை வழியாக நடப்போம். பேச்சு முடியாவிட்டால் கடற்கரை வரை போய்த் திரும்பி, டீக்கடை திறக்கும்வரை நின்று, குடித்துவிட்டுப் பிரிவோம். வந்த பத்திரிகைகள், நின்ற பத்திரிகைகள், ஒரு வரியில் தேவையில்லாத ஒரு சொல், எல்லாம் அந்த நடையில்தான். அதை உடற்பயிற்சி என்று நாங்கள் அழைத்ததில்லை. விஞ்ஞானக் கணக்கில் அது உடம்பு மிகத் தாழ்ந்திருக்கும் நேரம். இரவு வேலை சர்க்கரை வியாதிக்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த நடை என்னைக் காத்தது என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. 2018ல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு காலையில் நடந்து பார்த்தேன், மாலையில் நடந்து பார்த்தேன். எந்த நேரமும் ஒட்டவில்லை.

1729ல் தெ மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கியை ஒத்த ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாமலும் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. கடிகாரம் உயிருக்குள்ளேயே இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அது தொடக்கம். ஈக்களின் உடம்பில் அந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைக் கண்டவர்கள் 2017ல் நோபல் பரிசு வாங்கினார்கள். என்னை அதிகம் பாதித்தது மதுரைச் சோதனை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் சகாக்களும் குகை வௌவால்களை ஆராய்ந்து 1981ல் எழுதினார்கள். வெளிச்சம் எட்டாத குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். அதே குகையின் மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியே பறந்து, விடிவதற்குள் திரும்பின. சூரியனையே பார்க்காத கூண்டு வௌவால்கள் அவற்றோடு ஒத்து, நாள் தவறாமல் அதே நேரத்தில் சிறகடித்தன. வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தபோது அவற்றின் நாள் 24 மணியிலிருந்து விலகிப் போயிற்று. பொழுதைச் சூரியன் மட்டும் சொல்வதில்லை. போகிறவர்களும் வருகிறவர்களும் சொல்கிறார்கள்.

இதைப் படித்த பிறகுதான் என் கேள்வி சரியாக அமைந்தது. எப்போது நடப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரை ஒட்டி நடப்பது என்பதுதான் விஷயம்.

நியூஸிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 2016ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் 41 பேர். ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக 30 நிமிஷம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிஷம் நடப்பது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பலன் அதிகம். சாப்பிட்டதும் படுக்காதே, நாலு எட்டு நட என்று எங்கள் பாட்டி சொன்னதுக்கு இப்போது எண்கள் கிடைத்திருக்கின்றன. மூன்று வேளையும் நடக்கிறேன். காலையை எழுத்துக்கே வைத்துக்கொண்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பின்னும் மதியத்துக்குப் பின்னும் நடப்பது வீட்டுக்குள், கூடத்துக்கும் சமையலறைக்கும். இரவு 9 மணிக்குத் தெருவில்.

அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் எனக்குப் பழக்கமான ஜாதி. இரவு வேலைக்குப் போகிறவர்கள். கம்பெனி வண்டிக்காக முனையில் நிற்கும் இரண்டு பெண்கள். டிபன் பாக்ஸோடு வங்கி வாசலுக்கு வரும் காவலாளி. அவர்கள் வெளியே போகிறார்கள், நான் பத்து நிமிஷத்தில் உள்ளே திரும்புகிறேன். பேசுவதற்குக் கவிதை இல்லை. ஒரு தலையசைப்பு. மூன்று மாதச் சராசரி 8.4லிருந்து 7.1க்கு வந்திருக்கிறது. டாக்டருக்குத் திருப்தி, காலையிலும் நடந்தால் இன்னும் நல்லது என்றார்.

போன வாரம் மின்சாரம் நின்று, சாப்பாடு தாமதமாகி, நேரம் கழித்துப் போனேன். காவலாளி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன ஸார், இன்னிக்கு லேட்டு? நீங்க போனப்புறம்தான் நான் ஷட்டர் லைட்டைப் போடுறது" என்றார்.