மாமாவின் கூண்டு

கரமனையில் குடியேறி எட்டு ஆண்டுகள் ஆகியும், கோடை விடுமுறை வந்தால் மண்டபத்திற்குப் புறப்பட்டுவிடுவோம். அங்கே என் தாய்மாமன் கடலில் மிதவைக் கூண்டு அமைத்துக் கடல்விரால் வளர்க்கிறார். 2010ஆம் ஆண்டு அவ்வூரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான் அம்மீனின் குஞ்சுகள் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொரிக்கப்பட்டன என்பார், தம் வீட்டுப் பிள்ளை தேர்வில் வென்றதைப் போல.

கூண்டு என்பது ஆறு மீட்டர் குறுக்களவுள்ள வளையத்திலிருந்து தொங்கும் வலைப்பை. பாசியும் சிப்பியும் கண்ணிகளை அடைத்தால் நீரோட்டம் குறைந்து மீன்கள் திணறும். ஒரு கிழிசல் போதும், வளர்த்தவை யாவும் கடலுக்குப் போய்விடும். ஆகவே மாமா மூழ்கிப் பார்ப்பார். ஒருநாள் கலங்கிய நீரில் அவர் கால் கயிற்றில் சிக்கியது. கத்தியால் அறுத்துக்கொண்டு மேலே வந்தவர் நெடுநேரம் பேசவில்லை. அத்தையும்தான்.

அதன்பின் நீர்மூழ்கும் ரோபோக்களைப் பற்றித் தேடிப் படித்தேன். நார்வேயில் அவை வலையைத் துலக்குகின்றன, கிழிசலைக் காட்டுகின்றன. நம் கொச்சியிலேயே 'ஐரோவ் டியூனா' என்னும் கருவி உருவாகியுள்ளது. கப்பலின் அடிப்பாகத்தையும் பாலத்தூண்களையும் அது படமெடுக்கும். வடம் வழியாகக் காட்சி மேலே வரும்.

மாமாவிடம் கூறினேன்.

"பார்க்கும், சரி. தைக்குமா?" என்றார். "கலங்கல் நீரில் அதன் கண்ணுக்கும் மங்கல்தான். அதன் வடமும் கயிற்றில் சிக்குமே!"

மீன் அரிந்துகொண்டிருந்த அத்தை நிமிராமலே சொன்னார்: "சிக்கட்டும். கருவிதானே."