மாடியில் வடகம், குடத்தில் காவிரி... ராணிப்பேட்டை அடுக்களைகளின் உப்புக் கணக்கு!

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்தால், வாலாஜாப்பேட்டையை அடுத்து பாலாறு வந்துவிடும். ஆற்றின் இந்தக் கரையில் ராணிப்பேட்டை, அந்தக் கரையில் ஆற்காடு. பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் வருடத்தின் பெரும்பாலான மாதங்களில் மணலும் முள்செடியும்தான் தெரியும். 2021 நவம்பர் மழையில் இதே ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

செஞ்சியின் தேசிங்கு ராஜா 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி உயிரிழந்தார். உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாக நவாப் எழுப்பிய பேட்டைதான் ராணிப்பேட்டை என்பது ஊர் சொல்லும் கதை. பழைய வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது, 2019 நவம்பர் 28 அன்று இந்த ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரானது.

வெளியூர்க்காரர்களுக்கு ராணிப்பேட்டை என்றால் தோல். ஊருக்குள் இருப்பவர்களுக்கு வெயிலும் ஓர் அடையாளம். மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்கள் எல்லாவற்றிலும் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலை இந்த ஊர்ப் பெண்கள் வீணாக்குவதில்லை. மே மாதம் பிறந்தால் மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகள் விரிந்துவிடும்.

வடகம் போட்டால் வருஷம் ஓடும்

வட ஆற்காட்டுச் சமையலின் உயிர், தாளிப்பு வடகம். ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். கூடவே கால் கிலோ பூண்டு, ஊறவைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கல் உப்பு. பிசைந்து ஓர் இரவு மூடி வைத்து, காலையில் வெயிலில் பரப்புவார்கள். மாலையில் கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிப்பார்கள். மறுநாள் உதிர்த்து மறுபடி காயவைப்பார்கள். வெயிலைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள் இப்படியே போகும். கடைசியில் உருண்டை கறுத்து, கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும்.

அதில் ஒரு துண்டைக் கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் போட்டால், காரக்குழம்பு வாசனை தெருமுனைக்கே போய்விடும். பண்டிகைக்கு முதல் நாள் வேலை நெருக்கும்போது, வெங்காயம் உரிக்காமல், பூண்டு தேடாமல் குழம்பு வைக்க இந்த உருண்டைதான் கைகொடுக்கும்.

அடுத்தது மாங்காய். நவாப் காலத்தில் ஒன்பது லட்சம் மாமரங்கள் நட்டதாகச் சொல்லப்படும் 'நவ்லாக்' தோட்டத்தின் பெயர் ராணிப்பேட்டையை ஒட்டி இன்றும் இருக்கிறது. இங்கே வீட்டு ஊறுகாய்க்குக் கணக்கு, ஒரு கிலோ மாங்காய்க்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு. உப்பு காயிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கெடுக்கும் கிருமிக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. அதனால்தான் உப்பைக் குறைத்த ஊறுகாயிலும், ஈரக் கரண்டி பட்ட ஊறுகாயிலும் சீக்கிரமே பூஞ்சை பூக்கிறது.

பக்ரீத் நாளின் இரண்டு உப்பு

2023 முதல் 2025 வரை மூன்று வருடமும் பக்ரீத் ஜூன் மாதத்தில் வந்தது. வெயில் முழுசாகத் தணியாத நேரம். குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒன்றை ஏழைகளுக்கும் ஒன்றை உறவினர்களுக்கும் கொடுத்துவிட்டு, மீதியை வீட்டுக்கு வைப்பது வழக்கம். அந்த ஒரு பங்கே சில வீடுகளில் பல கிலோ வரும்.

அன்று காலையே வீட்டுப் பெரியவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஈரல் காலை உணவுக்கு. தொடையும் சந்தும் மதிய பிரியாணிக்கு. எலும்பு இரவு சால்னாவுக்கு. பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய். ஆம்பூர் பிரியாணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே கூட்டணிதான். இனிப்புக்குப் பல வீடுகளில் அடுப்பே பற்றவைப்பதில்லை. பாலம் தாண்டினால் ஆற்காடு. அங்கே கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வகைகள் பொதித்துப் பொரித்து, பாகில் ஊறவைத்த மக்கன் பேடா கிடைக்கும்.

எலும்பில்லாத மீதிக் கறி உப்புக்கண்டம் ஆகிறது. கொழுப்பை நீக்கி, விரல் கனத்துக்கு நீளமாகக் கீற வேண்டும். கல் உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி, நூலில் கோத்துத் தோரணம் மாதிரி வெயிலில் கட்ட வேண்டும். ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போர்த்தி, இரவில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். வளைத்தால் 'டக்'கென ஒடிய வேண்டும், அதுதான் பதம். நடுவில் மெத்தென்று இருந்தால் அது கெடப்போகிற கறி.

அதே நாளில், அதே ஊர்களில் இன்னோர் உப்பும் வேலை செய்கிறது. உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பித்துவிடும். அதனால் தோல் மண்டிகளில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டித் தேய்த்து அடுக்குகிறார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பு போகும். அடுக்களையில் கறியைக் காக்கும் அதே தந்திரம்தான் இங்கே தோலைக் காக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்திய காலத்திலும் முதல் வேலை உப்புதான்.

வித்தியாசம், அந்த உப்பு போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. கறியில் போட்ட உப்பு கறியோடு வயிற்றுக்குப் போய்விடும். தோலில் போட்ட உப்பை, டேனரியில் முதல் வேலையாகத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றிலும் வயலிலும் இறங்கியது. கிணறுகள் கரித்தன.

பருப்பு வேகாத தண்ணீர்

கிணறு கெட்டதை இந்த ஊர் அடுக்களைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டன. உப்பும் கடினத்தன்மையும் ஏறிய தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. டீ ருசிக்காது. சோறு வெள்ளையாக வராது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் இது முக்கியமானது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்யும் முறையும் வந்தது. தோலை ஊறவைக்கும் முன்பே உதறி உப்பைத் தனியே எடுக்கிறார்கள். ஆனாலும் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்றும் தலைவலி. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பகுதிக்காக மறுபடி தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு என்று அதில் உத்தரவிட்டது.

இத்தனைக்கும் நடுவே தோல்தான் இங்கே பல ஆயிரம் குடும்பங்களின் சோறு. பண்டிகைக்கு அரிசியும் கறியும் வாங்கும் பணம், பல வீடுகளில் டேனரிச் சம்பளமோ ஷூ கம்பெனிச் சம்பளமோதான். அந்தச் சம்பளத்திலிருந்தே தண்ணீர் கேனுக்கும் காசு எடுக்க வேண்டியிருக்கிறது.

அதனால் இந்தப் பகுதியில் விருந்துத் திட்டம் மளிகைப் பட்டியலில் தொடங்குவதில்லை, தண்ணீரில் தொடங்குகிறது. போர் தண்ணீர் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும். மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே வரும் காவிரித் தண்ணீர் சோற்றுக்கும் பருப்புக்கும். அது வராத நாளுக்குக் கேன். இருபது பேருக்கு விருந்து என்றால், இரண்டு நாள் முன்பே குடங்கள் நிறைந்து மூடியிருக்க வேண்டும்.

விருந்துக்கு முன் நான்கு கணக்கு

* வடகம், ஊறுகாய், வற்றல் எல்லாம் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். பண்டிகை நெருக்கத்தில் வெயிலை நம்ப முடியாது.

* கறியை ஒரு வேளைக்கு ஆகும் அளவாகத் தனித்தனிப் பையில் பிரித்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைநிலை கலைந்து வெளியில் கிடந்த பச்சைக் கறியை மறுபடி உறையவைக்கக் கூடாது.

* சமைத்த பிரியாணியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. உச்சிவெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

* உப்புக்கண்டத்தைச் சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகத் தொட்டுக்கொள்வதே நல்லது.

மாலையில் மாடியிலிருந்து வடகம் உள்ளே வருகிறது. மருமகள் உருண்டைகளை ஜாடியில் அடுக்க, "போன வருஷத்தைவிட உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்று மாமியார் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்ப்பது இந்தத் தெருக்களில் சகஜம். கூடினால் அடுத்த வருஷம் ஒரு பிடி குறைத்துக்கொள்வார்கள். பாலாற்று மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பை அப்படிக் குறைக்க முடியவில்லை. அதனால்தான் ஜாடியை மூடியதும், நாளைக்குக் குழாயில் தண்ணீர் வருமா என்று விசாரிக்கிறார்கள்.