ஒப்பமிடுமுன் ஒரு சொல்

மலையக மக்களின் குடும்பப் பிணக்குகள் ஒரு காலத்தில் லயத்து வாசலிலேயே தீர்க்கப்பட்டன. அன்று பெரிய கங்காணி சொன்னதே தீர்ப்பு. அவருக்குப் பின்னர் தோட்டத் தலைவர் அவ்விடத்தைப் பெற்றார். இன்று கைப்பேசி அந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றது. முன்னைய இருவரும் நம்மை அறிந்தவர்கள். கைப்பேசியோ நாம் எந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று கேட்பதில்லை.

ஹற்றனுக்கு அண்மையில் நான் வளர்ந்த தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். பதிவுத் திருமணம் செய்த கணவர் கொழும்புக்குச் சென்று, காசு அனுப்புவதை நிறுத்திவிட்டார். அக்காவின் தம்பி தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் பேச்சைக் கைப்பேசியிற் கேட்டான். இருவரும் இசைந்தால் விவாகரத்து எளிது என்றார் அவர். உடனே ஒரு தாள் எழுதப்பட்டது, இருவரும் ஒப்பமிட்டனர். பராமரிப்புப் பணம் வேண்டாம் என்ற வரியும் அதில் இருந்தது.

அவ்வழக்கறிஞர் பொய்யுரைத்தார் அல்லர். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், இருவர் இசைவால் மணமுறிவு பெற வழிவகுத்தது. அங்கும் நீதிமன்றமே அதனை வழங்கும். ஆயின் அச்சட்டம் கடல் கடந்து வருவதில்லை. நமக்குரியது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். மணத்தின் பின்னரான சோரம், தீயநோக்குடன் கைவிடுதல், மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறை ஆகியவற்றுள் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவுதல் வேண்டும். வெறும் இசைவு அதற்குப் போதாது.

நமது அயலில் வாழும் கண்டியச் சிங்களவர் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, இருவர் இசைவால் மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறலாம். தேசவழமையோ வடமாகாணத் தமிழரின் சொத்துரிமை பற்றியது. இரண்டும் நமக்கு உரியன அல்ல. மலை ஒன்றாயினும் மொழி ஒன்றாயினும் சட்டம் ஒன்றாகிவிடாது.

அக்கா ஒப்பமிட்ட தாள் மணத்தை முறிக்கவில்லை. ஆயினும், தம் உரிமை அத்தோடு போயிற்று என்று நம்பி அவர் ஈராண்டுகள் வாய் திறவாதிருந்தார். மூத்த மகன் பள்ளியை விட்டுக் கொழும்பிற் கடையொன்றிற் சேர்ந்தான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, விவாகரத்து இன்றியே நீதவான் நீதிமன்றத்தில் தமக்கும் பிள்ளைகளுக்கும் மாதப்பணம் கோரலாம் என்பதைப் பின்னரே அறிந்தார். வழக்கிட்டார், பணம் கிடைத்தது. மகனின் படிப்புத்தான் திரும்பவில்லை.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்குக் கட்டணமின்றி உதவுகின்றது. எத்தாளிலும் ஒப்பமிடுமுன் அங்கே ஒரு சொல் கேட்டல் நன்று. விடுமுறைக்குத் தோட்டம் திரும்பும் மாணவராகிய நாம் இச்செய்தியை லயந்தோறும் எடுத்துச் செல்வோமாக. நாம் பெற்ற கல்வியால் ஒரு பிள்ளையின் படிப்பேனும் காக்கப்படுமாயின், அதுவே அக்கல்வியின் பயனாகும்.