இருபது ரூபாய் பொட்டலம்

ஆபீசில் ஆணி அதிகம். எழுதி ரொம்ப நாளாகிவிட்டது, மன்னிக்கவும். இன்றைக்குக் கொஞ்சம் சீரியஸான விஷயம்: குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு. பி.காம். படித்த பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். நானும் கணக்காகத்தான் பார்க்கிறேன் :-)

நான் இப்போது இருப்பது மேற்கு வங்கத்தில், வடக்கு 24 பர்கனாஸ் மாவட்டம். இங்கிருந்து லோக்கல் டிரெயின் பிடித்தால் கடைசி ஸ்டேஷன் பொங்காவ். 1971-ல் பங்களாதேஷ் போரின்போது அகதிகள் குவிந்த ஊர். முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், ஆப்ப சோடா கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, கூட வந்தவர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை போன சாவு 4-க்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸ் உப்பை உள்ளே இழுக்கும், உப்போடு தண்ணீரும் போகும். சூட்சுமம் அவ்வளவுதான். 2022-ல் அவர் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சுமார் இருபது ரூபாய். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆஷா ஊழியரிடமும் இலவசம். ஆனால் 2019-21 தேசிய குடும்ப சுகாதார ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் 61 சதவீதத்துக்குத்தான் அது கிடைத்தது. கூடவே தர வேண்டிய ஜிங்க் மருந்து 31 சதவீதத்துக்கு.

எங்கள் பிராஞ்சுக்கு டீ கொண்டுவரும் மாஷியின் பேரனுக்குப் போன மழைக்காலத்தில் இதே தொந்தரவு. பக்கத்து டாக்டர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார், ஓ.ஆர்.எஸ். எழுதவில்லை. மறுநாள் குழந்தைக்குக் கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, பிறகு இதே கரைசலை ஊட்டித்தான் மீட்டார்கள். "கேட்டிருந்தால் எழுதியிருப்பாரே?" என்றேன். "டாக்டரை நாங்க எப்படி ஸார் கேக்கறது?" என்றார் மாஷி.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. கர்நாடகா, பீகாரில் தனியார் வைத்தியர்களிடம் குழந்தையின் அப்பா போல நடிக்க ஆட்களை அனுப்பி ஓர் ஆய்வு செய்தார்கள். 2024-ல் சயின்ஸ் இதழில் வந்தது. ஏன் ஓ.ஆர்.எஸ். எழுதுவதில்லை? நாமெல்லாம் லாப ஆசை என்போம். அதன் பங்கு 5 சதவீதம்தான், கையிருப்பு இல்லாதது 6. 'ஜனங்களுக்கு இது வேண்டாம்' என்று வைத்தியர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வது 42! அதே ஆட்கள் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று காட்டிக்கொண்டபோது எழுதிக்கொடுப்பது நன்றாகவே கூடியது.

எங்கள் கவுண்டரிலும் இதே கதைதான். வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காவிட்டால் பல நாள் யாரும் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் உடனே ஃபாரம் வரும்.

கேட்பதிலும் ஒரு கவனம் வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு இனிப்புப் பானங்கள் விற்றார்கள். சர்க்கரை கூடினால் போக்கும் கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடி, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. அதனால் உறையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனால், "ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் எழுதுங்க ஸார்" என்று கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் உள்ளே போனாலோ, ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.