பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்த பில்

2024 செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு பத்தரை மணி இருக்கும். ஸ்பெயினில் இருக்கிற எங்கள் சின்ன வீட்டின் கதவைத் திறந்து, வழக்கம்போல இடது பக்கத்துச் சுவிச்சைத் தட்டினேன். லைற் எரியவில்லை.

லண்டனில் இருந்து அலிகாந்தேக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தெற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் தொர்ரெவியேகா என்ற கடற்கரைப் பட்டினம் வரும். ஊரை ஒட்டி உப்பு விளைகிற பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதன் தண்ணீர் ரோசா நிறம். எங்கள் பல்கனியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் அந்த நிறம் ஒரு கோடு மாதிரித் தெரியும். 2014இல் நான் ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில் இந்த இரண்டு அறை வீட்டை வாங்கினோம். லண்டன் குளிர் என் மனைவியின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. அதனால் வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது அங்கே போய் இருப்போம்.

வீட்டுப் பத்திரம் என் பெயரில். மின்சாரமும் தண்ணீரும் அவள் பெயரில். மாலை வகுப்புக்குப் போய் ஸ்பானிஷ் படித்தவள் அவள்தான். எனக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும். ஆகவே பேச வேண்டியதை எல்லாம் அவள் பேசினாள், கையெழுத்தையும் அவளே போட்டாள். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

2022 பெப்ரவரியில் அவள் காலமாகிவிட்டாள். அடுத்த வருடம் முழுவதும் அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. "வித்துப்போடுங்கோ அப்பா, ஏன் சும்மா பூட்டி வைச்சிருக்கிறியள்?" என்று மகன் இரண்டு தடவை கேட்டான். பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லிக் காலத்தைக் கடத்தினேன். கடைசியில், ஒருமுறை போய் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று தனியாகப் புறப்பட்டேன்.

இருட்டில் நின்றபடி முதலில் நினைத்தது பியூஸ் போயிருக்கும் என்றுதான். அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம் உண்டு. எங்களுடையது 4.6. அதற்கு மேல் இழுத்தால் மீற்றரே வெட்டிவிடும். பிரதான சுவிச்சைக் கீழே இறக்கிச் சில விநாடி பொறுத்து மேலே தூக்கினால் திரும்பவும் வரும். போன் வெளிச்சத்தில் அதைச் செய்து பார்த்தேன். இரண்டாம் தடவையும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே மாடிப்படி லைற் எரிந்துகொண்டிருந்தது. கோளாறு எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் என்று அப்போது விளங்கியது.

கீழே போய்க் கடிதப் பெட்டியைத் திறந்தேன். விளம்பரத் தாள்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து கடிதங்கள். பதிவுத் தபால் வந்து ஆளில்லாமல் திரும்பிப் போனதற்கான துண்டுகள் இரண்டு. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தேன்.

அந்த நேரம் எனக்கிருந்த அவசரம் வேறு. நான் இன்சுலின் போடுகிறவன். கையில் பாவிக்கிற பேனா வெளியே இருக்கலாம். மேலதிகமாகக் கொண்டுபோன பேனாக்கள் குளிரில் இருக்க வேண்டும். செப்டம்பர் என்றாலும் அங்கே வீட்டுக்குள் நல்ல வெக்கை. மேல் மாடியில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு ஸ்பானிய அம்மா இருக்கிறா. கதவைத் தட்டவே கூச்சமாக இருந்தது. தட்டினேன். அவ என் கையில் இருந்த பையைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா, ஒன்றும் கேளாமல் வாங்கித் தன் பிரிட்ஜில் வைத்தா. பிறகு உள்ளே போய் இரண்டு மெழுகுதிரி கொண்டுவந்து தந்தா. என் மனைவி இறந்த செய்தி அவவுக்கு முன்பே தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னா. எனக்கு விளங்கவில்லை. தெரிந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

மெழுகுதிரியைக் குசினியில் ஏற்றி வைத்தபோது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாள் தெரிந்தது. அவளுடைய கையெழுத்து. 2021 ஜூன் மாதம் ஸ்பெயினில் மின்கட்டணத்தை நேரத்துக்கு நேரம் மாற்றினார்கள். வேலை நாட்களில் காலை பத்திலிருந்து இரண்டு வரையும் மாலை ஆறிலிருந்து பத்து வரையும் விலை கூட. நள்ளிரவிலிருந்து காலை எட்டு வரையும், சனி ஞாயிறு முழுவதும் குறைவு. மற்ற நேரம் நடுத்தரம். அவர்கள் அதற்கு வைத்த பெயர்களை அவள் தமிழில் "உச்சி, சமதரை, பள்ளம்" என்று எழுதி, பக்கத்தில் மணிக்கணக்கையும் குறித்து வைத்திருந்தாள். கடைசி வரியில் "உடுப்புத் தோய்ப்பது ஞாயிறு மட்டும்" என்று இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் அதைச் சொல்லி அவளைக் கேலி செய்வேன். ஒரு யூரோ மிச்சம் பிடித்து என்ன மாளிகை கட்டப் போகிறாய் என்பேன்.

அவள் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது அவள் அங்கேதான் இருந்தாள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரித்த விளக்கில் இரவு இரவாகப் படித்தவள். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. மின்சாரத்தை விளையாட்டாக எடுக்க அவளால் முடியாது. பில் வந்த அன்றே பார்த்து, சரி என்று ஒரு குறி போட்டுப் பைலில் வைப்பாள். அப்படிப்பட்டவளின் பெயரில் இருந்த இணைப்பைத்தான் பணம் கட்டவில்லை என்று வெட்டியிருந்தார்கள்.

கடிதங்களைப் போன் கமெராவால் மொழிபெயர்த்துத் திகதிப்படி அடுக்கினேன். நடந்தது இதுதான். வங்கிக் கணக்கு எங்கள் இரண்டு பேரின் பெயரிலும் இருந்தது. பில் மாதாமாதம் அதிலிருந்து தானாகப் போகும். எங்கள் பாஸ்போட் இரண்டும் காலாவதியாகிவிட்டன, புதிய பிரதி அனுப்புங்கள் என்று வங்கி எழுதியிருக்கிறது. பதில் இல்லாததால் 2024 மார்ச்சில் கணக்கை முடக்கிவிட்டது. ஏப்ரலிலிருந்து பில் திரும்பத் தொடங்கியது. ஜூனில் பதிவுத் தபாலில் எச்சரிக்கை. எங்களைப்போல அரசு விதித்த முறைப்படி கட்டணம் கட்டும் வீடுகளுக்கு, எச்சரித்த பின் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களும் பொறுத்திருக்கிறார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் வெட்டிவிட்டார்கள். ஆள் வந்து வயரைக் கழற்றுகிற காலம் இல்லை இது. எங்கோ ஒரு அலுவலகத்தில் இருந்து மீற்றருக்குக் கட்டளை போகும், அவ்வளவுதான்.

வங்கிக் கடிதத்தை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அவளிடம் புதிய பாஸ்போட் கேட்டிருந்தார்கள். அவள் இல்லை என்று நான் சொல்லாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்? லண்டனில் வங்கி, பென்சன், டொக்டர், நூலகம் என்று ஒவ்வொரு இடமாக அறிவித்தவன் நான். இந்த வீட்டுக்கு மட்டும் அறிவிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன். மெழுகுதிரி வெளிச்சத்தில் தனியாக இருக்கிறபோது அப்படிச் சொல்ல முடியவில்லை. மாதம் ஒரு பில் அவள் பெயரில் எங்கோ போய்க்கொண்டிருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் காலையில் மேல் வீட்டு அம்மா தன் பேரனை அனுப்பினா. பத்தொன்பது வயதுப் பெடியன், நல்ல ஆங்கிலம் பேசுவான். என் மனைவி சுட்ட வடையைச் சின்ன வயதில் நின்ற நிலையில் ஐந்தாறு சாப்பிட்டவன். அவன் தன் போனில் கம்பனிக்கு எடுத்தான். ஒப்பந்த இலக்கம் கேட்டார்கள், சொன்னான். வீட்டின் இணைப்பு இலக்கம் கேட்டார்கள், பழைய பில்லைப் பார்த்துச் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான்.

"என்ன கேட்கிறார்கள்?" என்றேன்.

"ஒப்பந்தக்காரர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாரா என்று" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே திரும்பிப் போனில் மெதுவாக ஒரு சொல் சொன்னான். மறுபக்கத்தில் பேசிய பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலை மாற்றி, மிகவும் வருந்துகிறேன் என்று சொன்னா. அந்த வசனம் எனக்கே விளங்கியது.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசத்தான் ஒப்பந்தக்காரர் வேண்டும், பணத்தை யாரும் கட்டலாம். ஐந்து பில்லும் சேர்த்து 84 யூரோ 35 சதம். அதோடு மறு இணைப்புக்கு ஒரு கட்டணம். ஆள் இல்லாத வீட்டுக்கு எப்படி இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு யூனிற்றும் பாவிக்காவிட்டாலும் ஒப்பந்தக் கிலோவாட்டுக்கு நாள் கணக்கில் பணம், மீற்றர் வாடகை, அதன் மேல் வரி. பிரதான சுவிச்சை இறக்கிவிட்டு வந்தால் பில் வராது என்று நினைக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். வரும்.

என் வங்கிக் காட்டில் பணம் போனது. கட்டி முடித்தால் 24 மணி நேரத்துக்குள் இணைப்பைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அங்கே சட்டம். மாலை ஐந்து மணிக்குக் குசினியில் பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. நான் பல்கனியில் இருந்தேன். எழும்பிப் போய் எல்லா லைற்றையும் போட்டுப் பார்த்தேன்.

பெயர் மாற்றும் வேலையை அதற்கடுத்த நாள் தொடங்கினோம். என் வெளிநாட்டவர் அடையாள இலக்கம், வீட்டுப் பத்திரத்தின் பிரதி, என் வங்கிக் கணக்கு இலக்கம், இவ்வளவும் போதும் என்றார்கள். கட்டணம் எதுவும் இல்லை. நல்ல காலம், ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தது. இன்னும் சில மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் அது ரத்தாகி, புது இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்திருக்கும். அப்படி வந்தால் இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய வயரிங் உள்ள வீடுகளுக்கு, அனுமதி பெற்ற மின்பணியாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். பழைய மாடி வீடுகளில் அது லேசில் முடிகிற காரியம் இல்லை.

பெயர் மாற்றுகிறபோது, 4.6 கிலோவாட் உங்களுக்குத் தேவையா, 3.45 போதாதா என்றும் கேட்டார்கள். தனி ஆள். ஏசியும் கேற்றிலும் ஒன்றாகப் போடாமல் இருந்தால் போதும். சரி, குறையுங்கள் என்றேன்.

வங்கிதான் இழுத்தடித்தது. இங்கிலாந்து மரணச் சான்றிதழுக்கு அப்போஸ்ட்டில் முத்திரை வாங்கி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்றி அனுப்பினேன். இரண்டு மாதம் போனது. அதிலும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் வருடமே நான் செய்திருக்க வேண்டிய வேலை.

என் வயதுக்காரர்கள் பலர் போர்த்துக்கலிலோ, சைப்பிரசிலோ, ஊரிலேயோ இப்படி ஒரு வீட்டை வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பில் யார் பெயரில் வருகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அந்தப் பெயர்க்காரருக்கு ஏதும் நடந்தால் மற்றவர் என்ன செய்வது என்று இரண்டு பேரும் இருந்து பேசி, தாளில் எழுதி வையுங்கள். கடிதத்தை ஆளில்லாத வீட்டுக்கு வரவிடாமல் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். பாஸ்போட் புதுப்பித்தால் அந்த நாட்டு வங்கிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இணைப்பு இலக்கத்தைப் போனில் சேமித்து வையுங்கள். பயணத்துக்கு ஒரு கிழமை முன்னதாக, கடைசிப் பில் கட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சின்ன வேலைகள்தான்.

நவம்பரில், நான் லண்டனுக்குத் திரும்பிய பிறகு, என் பெயரில் முதல் பில் மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்து அவளுடைய பைலில் வைத்தேன். அவள் பெயரில் வந்த கடைசிப் பில் அதற்கு அடியில் இருக்கிறது. சரி என்று ஒரு குறியும் போட்டேன்.

வீட்டை விற்கவில்லை. பிறகு யோசிப்போம் என்று மகனுக்குச் சொல்லிவிட்டேன். பிரிட்ஜ் கதவில் இருக்கிற தாளையும் கழற்றவில்லை. அங்கே இருக்கிற நாட்களில் உடுப்புத் தோய்ப்பது ஞாயிற்றுக்கிழமையில்தான்.