உப்பைக் கடைசியில் தூவுங்கள்!

ஓசூர் என்றாலே குளிர்ச்சியான ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரம் என்பது உண்மைதான். ஆனால் பங்குனி, சித்திரையில் எங்கள் மூக்கண்டப்பள்ளிக்கு வந்து பாருங்கள்! சிப்காட் பட்டறைகளில் தகரக் கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்குச் சாப்பாடே இறங்குவதில்லை.

என் கணவரும் அப்படித்தான். வெயில் காலத்தில் அவருக்கு வேண்டியது தயிர் சாதமும் மாங்காய் ஊறுகாயும். சென்ற ஆண்டு ரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டுபிடித்த டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்து, "முதல்ல ஊறுகாயை நிறுத்துங்க" என்றார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன்! காலைச் சட்னியிலிருந்து இரவு ரசம் வரை எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லி, இரண்டு நாள் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தார். வெறும் வயிற்றோடு மெஷின் முன்னால் நிற்கும் மனுஷரை நினைத்தால் எனக்கு மட்டும் சோறு இறங்குமா?

வழி காட்டியவர் எதிர் வீட்டு அம்மாள். கன்னடக்காரர். எல்லை ஊராயிற்றே, எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். "கோசம்பரி செஞ்சு குடும்மா. புளிப்பும் காரமும் இருந்தா ஊறுகாயைத் தேடமாட்டார்" என்றார். ஸ்ரீராம நவமிக்குப் பானகத்தோடு நாம் நைவேத்தியம் செய்யும் வடைப்பருப்புதான் இது. கர்நாடகத்தில் கல்யாண இலையிலும் இதற்கு இடம் உண்டு.

அரை டம்ளர் பாசிப்பருப்பைக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவையுங்கள். பருப்பை வேகவைக்கப் போவதில்லை; அதனால் தண்ணீர் சுத்தமாக இருப்பது முக்கியம். நகத்தால் கிள்ளினால் உடையும் பதத்தில் நன்றாக வடித்துவிடுங்கள். ஒரு வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, ஒரு கேரட்டைத் துருவிச் சேருங்கள். வெள்ளரியை முதலில் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். கசக்கும் வெள்ளரி வயிற்றைக் கெடுக்கும். இரண்டு மேஜைக்கரண்டி தேங்காய்த் துருவல், கொஞ்சம் மாங்காய், கொத்தமல்லி சேர்த்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

உப்பு? இலையில் வைத்த பிறகுதான்! முன்கூட்டியே போட்டால் வெள்ளரி நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். கடைசியில் தூவினால் உப்பு மேலாகவே நின்று நாக்கில் உடனே படும். ஒரு சிட்டிகை போதும்.

பச்சைக் காய்கறி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். காலை ஷிப்டு என்றால் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, சின்னத் தெர்மாஸ் டப்பாவில் கொடுத்து அனுப்புகிறேன். மிச்சத்தை மாலைக்கு வைப்பதில்லை.

சகோதரிகளே, மாத்திரைக்குப் பதில் இது என்று சொல்லவில்லை. மாத்திரை தொடர்கிறது. டப்பாவோடு உப்பைத் தனியாகக் காகிதத்தில் மடித்து வைப்பேன். இப்போதெல்லாம் டப்பா காலியாக வருகிறது. உப்புப் பொட்டலத்தில் பாதி மிச்சம் வருகிறது!