ஓய்வுநாள் யாருக்கு?

ஞாயிறு காலை குடும்பமாக ஆராதனைக்குப் போவோம். வீட்டுப் பணிப்பெண் மதியச் சமையலில் இருப்பார். மாதம் ஒரு நாளாவது கட்டாய விடுப்பு, அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கக்கூடாது என்பது 2023 முதல் சிங்கப்பூரில் விதி. அந்த ஒரு நாளைக் கொடுத்தோம். மற்ற ஞாயிறுகளுக்குப் பணம் கொடுத்துவிடுவோம்.

ஒரு வாரம் போதகர் உபாகமம் 5:14 வாசித்தார். வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் அந்த ஓய்வு உண்டு என்கிறது கட்டளை. ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான்.

அன்று மாலையே, “இனி எல்லா ஞாயிறும் உங்களுக்கு விடுப்பு” என்றேன். அவர் முகம் வாடியது. “பணம் குறையுமே, மேடம்?”

என் மனசாட்சிக்கு அவர் விலை கொடுப்பதா? அந்தத் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்தோம்.

இப்போது ஞாயிறு ரசம் என் பொறுப்பு. உப்பு கூடும், குறையும். வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை.